வியர்வை சென்சார்: தோலில் ஒட்டும் பேட்ச் எதை அளக்கிறது?

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை நடை போகிறவர்கள் பேச்சில் சுகரும் பிரஷரும் வராத நாள் இல்லை. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. "இனிமே விரல்ல குத்த வேணாமாம்ணே. கையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனா வேர்வைய வச்சே சுகர் எம்புட்டுன்னு சொல்லிருமாம்." கேட்கிறவர் தன் வாட்ச்சைக் காட்டி, "இதுவும் வேர்வையத்தானே பார்க்குது?" என்கிறார்.

இரண்டுமே தவறு. ஆனால் வியர்வையை அளக்கும் கருவிகள் உண்மையிலேயே இருக்கின்றன, உருப்படியான வேலையும் செய்கின்றன. சர்க்கரை பார்ப்பது அந்த வேலைகளில் சேராது என்பதுதான் பலருக்கும் போய்ச் சேரவில்லை. ஏன் சேராது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

மூன்று கருவிகள், மூன்று வேலைகள்

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது. ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கும்போது திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. வியர்வை அதற்கு இடைஞ்சல். சில வாட்ச்களில் தோலின் ஈரத்தால் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கும் வசதியும் உண்டு. பதற்றத்தில் உள்ளங்கை வியர்ப்பதை அது கண்டுகொள்ளும். வியர்வைக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

சர்க்கரை நோயாளிகள் மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் வட்ட வில்லை வேறு வகை. அதன் அடியில் தலைமுடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். செல்களுக்கு இடையே ஊறிக் கிடக்கும் திசுநீரில் உள்ள குளுக்கோஸை அது அளக்கிறது. அதற்கும் வியர்வைக்கும் தொடர்பில்லை.

மூன்றாவதுதான் நம் கட்டுரைக்குரியது. தோலின் மேல் ஒட்டி, துளையிலிருந்து வெளியே வந்த வியர்வையை வாங்கி, அதன் அளவையும் அதில் கரைந்திருக்கும் பொருள்களையும் அளக்கும் பேட்ச். 2016-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வெய் காவ், அலி ஜாவி குழுவினர் கையில் கட்டும் ஒரு பட்டையை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், லாக்டேட், தோலின் வெப்பம் ஆகிய ஐந்தையும் அது ஒரே நேரத்தில் அளந்தது. 'வியர்வையிலேயே சுகர் பார்க்கலாம்' என்ற பேச்சு பரவலானதில் அந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு. அளக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அளந்த எண்ணை வைத்து மாத்திரை போடலாமா என்பது தனிக் கேள்வி.

வியர்வை உப்பாவது எப்படி?

நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அடியில் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் மேலேறித் தோலில் திறக்கும். சுருளில் ஊறும் நீர் கிட்டத்தட்ட ரத்த நீர் அளவுக்கே உப்பானது. ஆனால் வெளியே வரும் வியர்வையில் உப்பு மிகக் குறைவு. வழியில் அது எங்கே போகிறது?

கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைக் கொஞ்சமாகத் திறந்தால் வாய்க்கால் ஓரத்து வயல்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கடைமடைக்கு வரும்போது கசிவுதான் மிஞ்சும். முழுக்கத் திறந்துவிட்டால் வயல்கள் வாங்கி முடிப்பதற்குள் நீர் கடைமடையைத் தொட்டுவிடும். வியர்வைக் குழாயில் உப்புக்கு நடப்பதும் இதுவேதான். குழாயின் சுவர் வழியெல்லாம் உப்பை உறிஞ்சி உடலுக்கே திருப்பிக் கொடுக்கிறது. மெதுவாக வியர்த்தால் பெரும்பகுதி உப்பு உள்ளேயே தங்கும். வேகமாக வியர்த்தால் உறிஞ்ச நேரம் போதாமல் உப்பு வெளியே வந்துவிடும்.

இங்கே ஓர் அளவு தெரிந்திருக்க வேண்டும். மில்லிமோல் என்பது எடையைப் பார்க்காமல் துகள்களை எண்ணும் அலகு. சமையல் உப்பில் 17 மில்லிமோல் சேர்ந்தால் சுமார் 1 கிராம். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோலுக்குள் நிற்கும், உடல் அதை அங்கிங்கு அசையவிடாது. வியர்வையிலோ ஒருவருக்கு 15, இன்னொருவருக்கு 80 என்று இருக்கலாம். ஒரே ஆளுக்கே காலையில் மெதுவாக நடக்கும்போது ஓர் எண், மதியம் மண்வெட்டி பிடிக்கும்போது வேறோர் எண்.

வெயிலுக்குப் பழகுவதும் இதை மாற்றும். ஏசி அறையில் இருந்துவிட்டு முதல் நாள் செங்கல் சூளையில் இறங்குகிறவருடைய வியர்வையில் உப்பு அதிகம். தொடர்ந்து 10, 14 நாள் வெயிலில் வேலை செய்தால் உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வியர்க்கும். ஆனால் குழாய் உப்பை இறுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கும். மேலூர்ப் பக்கம் கல் உடைக்கும் வேலைக்குப் புதிதாக வந்த ஆள் பழைய ஆளைவிடச் சீக்கிரம் தளர்ந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை: வியர்வை ரத்தத்திலிருந்து பிறந்தாலும் வழியில் மாறிவிடுகிறது. எவ்வளவு மாறும் என்பது வியர்க்கும் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் தெரியாமல் சொல்லப்படும் வியர்வை எண் பாதி எண்தான்.

சர்க்கரை ஏன் சிக்கலாகிறது?

ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும்போது, வியர்வையில் பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிகிராம், பல நேரம் அதற்கும் கீழே. நூறில் ஒரு பங்கு. அந்தச் சிறு அளவும் ரத்தத்தோடு சேர்ந்து ஒழுங்காக ஏறி இறங்கினால் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் வியர்க்கும் வேகம், ஒட்டிய இடம், தோலில் வாழும் பாக்டீரியா என்று எல்லாமே அதை இழுத்துவிடும். குளுக்கோஸ் பொடி கரைத்த விரலால் பேட்ச் ஒட்டும் இடத்தைத் தொட்டாலே போதும், கருவி உங்களைக் கடும் சர்க்கரை நோயாளி ஆக்கிவிடும். கழுவாத தோலில் உலர்ந்து கிடக்கும் பழைய வியர்வைக்கும் அந்தச் சக்தி உண்டு.

இன்சுலின் போடுகிறவருக்கு 70-க்கும் 180-க்கும் உள்ள வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. இவ்வளவு தள்ளாடும் எண்ணை நம்பி ஊசியின் அளவை மாற்றக் கூடாது. சுகர் குறைந்து வரும் மயக்கத்திலும் குப்பென்று வியர்க்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது விரலில் குத்திப் பார்ப்பது. குளுக்கோமீட்டர் கையருகில் இல்லையென்றால், நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது.

லாக்டேட் கதை வேறு. தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் பொருள் அது. ஆனால் வியர்வைச் சுரப்பியும் தன் உழைப்பில் தானே லாக்டேட்டை உண்டாக்குகிறது. அதனால் வியர்வையில் காணும் லாக்டேட்டில் பெரும்பங்கு சுரப்பியின் சொந்தச் சரக்கு. கால் தசை எப்படி இருக்கிறது என்று அதிலிருந்து நேரடியாகச் சொல்ல முடியாது. மது மட்டும் சுவர் எதையும் மதிக்காது. அதன் மூலக்கூறு சிறியது, நீரிலும் கொழுப்பிலும் கரையும், ரத்தத்திலிருந்து தோலுக்கு எளிதாக வந்துவிடும். கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். வெளிநாடுகளில் நீதிமன்ற உத்தரவின் பேரில் கணுக்காலில் மாட்டும் மதுக் கண்காணிப்புக் கருவிகள் இதை வைத்துத்தான் இயங்குகின்றன.

பேட்ச்சுக்குள் என்ன நடக்கிறது?

முதல் வேலை சேகரிப்பு. பேட்ச்சின் அடியில் சிறு திறப்பு இருக்கும், அதிலிருந்து முடியளவு அகலமுள்ள கால்வாய் ஒன்று வளைந்து வளைந்து போகும். பம்பு எதுவும் கிடையாது. சுரப்பி தன் அழுத்தத்தாலேயே வியர்வையை மேலே தள்ளுகிறது. கால்வாயில் வைத்திருக்கும் சாயம் ஈரம் பட்டதும் நிறமேறும். எத்தனை மில்லிமீட்டர் நிறைந்தது என்று பார்த்தால் வியர்வையின் கன அளவு கிடைத்துவிடும். நன்றாக வியர்க்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோல் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் போலத் தரும். அரை மணி நேரத்துக்கு 30 மைக்ரோலிட்டர். சொட்டு மருந்தின் ஒரு சொட்டே சுமார் 50 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுகூடத் தேறாத நீரை வைத்துத்தான் எல்லா அளவும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, உப்பை அளக்கும் மின்வாய். மின்வாய் என்பது நீருக்கும் மின்சுற்றுக்கும் நடுவே நிற்கும் சிறு கடத்திப் புள்ளி. கல்யாணப் பத்திரிகைக்குச் செய்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், மைக்குப் பதிலாகக் கரியும் வெள்ளியும் கலந்த பசையைப் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து இதைச் செய்யலாம். அதன் மேல் ஒரு மெல்லிய படலம். படலத்தில் வளைய வடிவ மூலக்கூறுகள் பொதிந்திருக்கும்.

மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வளையல் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டே கால் கைக்கு இரண்டே கால் வளையல்தான் நிற்கும். சிறிய கையில் கழன்று விழும், பெரிய கையில் ஏறாது. பொட்டாசியத்துக்குப் பயன்படும் வாலினோமைசின் என்ற வளைய மூலக்கூறு பொட்டாசியத்தின் அளவுக்குச் சரியாக இருக்கும். சோடியம் அதைவிடச் சிறியது, அதில் தங்காது. சோடியத்துக்கு வேறு அளவில் வேறு வளையம். இப்படி ஒரே வகை அயனி மட்டும் படலத்தில் ஏறி உட்கார உட்கார அங்கே மின்னழுத்தம் உருவாகும். அயனி என்றால் மின்னூட்டம் உள்ள துகள், உப்பு நீரில் கரையும்போது பிரிவது.

மின்னழுத்தத்தை ஒற்றைப் புள்ளியில் அளக்க முடியாது. வைகை அணையில் 71 அடி என்று சொல்வதற்கு, அசையாத ஒரு பூஜ்யக் கோடு வேண்டும் இல்லையா? அதுபோல மாறாமல் நிற்கும் இரண்டாவது மின்வாய் ஒன்று வேண்டும். வெள்ளி, வெள்ளிக் குளோரைடு பூசிய அந்த மின்வாயை உப்பு நிறைந்த படலத்தால் மூடியிருப்பார்கள். வியர்வை எப்படி மாறினாலும் அது அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

தோலின் வெப்பத்தில், சோடியம் பத்து மடங்கு ஏறினால் இரண்டு மின்வாய்களுக்கும் இடையே சுமார் 61 மில்லிவோல்ட் கூடும். இரண்டு மடங்கு ஏறினால் 18 மில்லிவோல்ட்தான். பூஜ்யக் கோடு வெறும் 2 மில்லிவோல்ட் நழுவினாலே சோடியம் கணக்கு சுமார் 8 சதவீதம் தவறிவிடும். படலத்தில் இருக்கும் உப்பு கரைந்து வெளியேற வெளியேற அந்தக் கோடு மெல்ல நழுவத்தான் செய்யும். பெரும்பாலான பேட்ச்களை ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது, குளுக்கோஸையும் லாக்டேட்டையும் அளக்கும் நொதி. நொதி என்பது ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடித்து மாற்றும் புரதம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி ஒரு குளுக்கோஸுக்கு ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற கணக்கில் உண்டாக்கும். மின்வாயில் அது சிதையும்போது மின்னோட்டம் பாயும். அன்னதானத்தில் கிழித்த டோக்கனை எண்ணிச் சாப்பிட்டவர் தொகையைச் சொல்வதுபோல, மின்னோட்டத்தை எண்ணிக் குளுக்கோஸைச் சொல்கிறது. புரதம் என்பதால் வெப்பம் இதற்கு எதிரி. சித்திரை மதியத்தில் பூட்டிய காருக்குள் கிடந்த பேட்ச்சை நம்ப வேண்டாம்.

மின்சாரமே இல்லாத வகையும் உண்டு. குளோரைடு பட்டால் நிறம் மாறும் வேதிப்பொருளைக் கால்வாயில் வைத்து, நிறத்தின் அடர்த்தியை போன் கேமராவால் படிப்பது. 2021-ல் அமெரிக்காவில் கேட்டரேட் நிறுவனம் விளையாட்டு வீரர்களுக்காகக் கொண்டுவந்த பேட்ச் நிறத்தைப் படிக்கும் இந்த வகைதான்.

சுருக்கமாக: கால்வாய் அளவைச் சொல்கிறது, வளையப் படலம் உப்பைச் சொல்கிறது, நொதி சர்க்கரை போன்றவற்றைச் சொல்கிறது.

எங்கே பிசகும்?

பெரும்பாலும் பேட்ச் ஒட்டும் முன்பே பிசகிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பில் பசை பிடிக்காது, ஓரம் தூக்கிக்கொண்டு வியர்வை வழிந்துபோகும். சந்தனம், திருநீறு, பவுடர் எல்லாமே கால்வாய் வாயை அடைக்கும். முன்கையின் உள்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, முழுக்க உலரவிட வேண்டும். போர்வெல் தண்ணீரால் துடைத்தால் அதிலிருக்கும் உப்பே தோலில் படிந்துவிடும். முடி அடர்ந்த கையென்றால் அந்த இடத்தை மட்டும் மழித்துக்கொள்ளலாம்.

முதல் 15, 20 நிமிட வியர்வையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தோலில் ஏற்கெனவே கிடந்ததையெல்லாம் அதுதான் கழுவிக்கொண்டு வரும். மூடாத பேட்ச்சாக இருந்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சி எண் ஏறும். இறுக மூடி மணிக்கணக்கில் வைத்தாலும் கெடும். தோல் ஊறி உப்பி வியர்வைத் துளையையே அடைத்துவிடும், தோலில் இருக்கும் பொட்டாசியமும் கசிந்து கலக்கும். நெற்றி, முதுகு, கை ஒவ்வொன்றிலும் வியர்வை வேறு. இன்று கையிலும் நாளை முதுகிலும் ஒட்டி இரண்டையும் ஒப்பிட்டால் அர்த்தமில்லை.

கருவியைச் சோதிக்க வழி எளிது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 2.34 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு கரைத்தால் 40 மில்லிமோல். அதில் பாதிப் பங்கை எடுத்துச் சம அளவு நீர் சேர்த்தால் 20. இரண்டையும் கொடுத்துப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்கிறதா என்று பார்க்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் சென்சார் செய்து பார்க்கும் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் ஒட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் இதைச் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் வந்த எண்கள் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் எடுத்த அளவு முழுவதும் சந்தேகத்துக்குரியது.

உண்மையிலேயே உதவும் இடங்கள்

வியர்வையை வைத்து நோயை உறுதி செய்யும் சோதனை ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கிறது. 1948-ல் நியூயார்க்கில் வெப்ப அலை வீசியபோது, வெப்பத்தால் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் அதிகம் என்று மருத்துவர்கள் கவனித்தார்கள். நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்கும் பரம்பரை நோய் அது. அந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-ல் பால் டி சான்ட் ஆக்னீஸ் காட்டினார். நம் வாய்க்கால் கணக்கில் சொன்னால், வயல்களுக்கு நீர் வாங்கும் மடைகள் பிறவியிலேயே அடைபட்டிருக்கின்றன, உப்பு முழுதும் கடைமடைக்கே போகிறது. 1959-ல் கிப்சன், குக் இருவரும் குழந்தையை ஓடவிடாமலே வியர்க்கவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பைலோகார்பைன் மருந்தைச் சிறு மின்னோட்டத்தால் தோலுக்குள் 5 நிமிடம் செலுத்தி, 30 நிமிடம் வியர்வை சேர்ப்பது. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய்க்கான வலுவான சான்று. 30-க்குக் கீழே என்றால் வாய்ப்பு குறைவு.

சர்க்கரை நோயாளிக்கும் ஒரு பேட்ச் உண்டு, சர்க்கரையை அளப்பதற்காக இல்லை. நீண்ட நாள் சர்க்கரை பாதத்து நரம்புகளைக் கெடுக்கும்போது உள்ளங்கால் வியர்ப்பது நின்றுபோகும். உள்ளங்காலில் 10 நிமிடம் ஒட்டினால், நீலமாக இருந்த பட்டை வியர்வையின் ஈரத்தில் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். மாறாவிட்டால் நரம்பைச் சோதிக்க மருத்துவரிடம் போக வேண்டும். இவ்வளவு எளிய கருவியைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது பயன் நம் ஊருக்கு நெருக்கமானது. எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு வெளியேறியது என்பதைச் சொல்வது. நீர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எடைத் தராசே போதும். காலை 7 மணிக்கு 62 கிலோ இருந்தவர், 9 மணி வரை வேலை செய்து, இடையில் 750 மில்லி தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல், ஈரம் துடைத்து நின்றால் 61.2 கிலோ. எடையில் இறங்கியது 800 கிராம், அதாவது 800 மில்லி நீர். குடித்தது 750 மில்லி. ஆக 1.55 லிட்டர் வியர்வை. மணிக்கு முக்கால் லிட்டருக்கும் மேல்.

உப்புக் கணக்குக்குத்தான் பேட்ச் வேண்டும். அவருடைய வியர்வையில் சோடியம் 40 மில்லிமோல் என்றால் போன உப்பு 3.6 கிராம், முக்கால் டீஸ்பூனை நெருங்கும். 20 மில்லிமோல் என்றால் அதில் பாதிதான். நான்கைந்து மணி நேரம் இப்படி வியர்த்து, வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பந்தல்களில் கொடுக்கும் நீர்மோரில் உப்பு இருக்கிறது, அது சரியான பானம். ஜிகர்தண்டா குளிர்ச்சியாக இருக்கும், போன உப்பை அது ஈடுகட்டாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல். வியர்வையால் மட்டும் இழந்தவருக்கு அது தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கலாம், வயிற்றுப்போக்குக்காகக் கணக்கிட்ட அளவு அது. பிரஷர், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் பேட்ச் சொன்னது என்று உப்பைக் கூட்டக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

காலியான பேட்ச்

வெயிலில் வேலை செய்கிறவர் கையில் பேட்ச் ஒட்டியிருக்கிறது, கால்வாய் நிறையவே இல்லை. வியர்வை குறைவு, நல்லதுதானே என்று தோன்றும். பசை விட்டிருக்கலாம், துளை அடைத்திருக்கலாம். உடல் வியர்ப்பதையே நிறுத்தியும் இருக்கலாம். வெப்பத்தாக்கில் சிலருக்குத் தோல் உலர்ந்து அனலாகக் கொதிக்கும். கடும் உழைப்பில் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே பேட்ச்சைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். பேச்சு குழறுகிறதா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, தள்ளாடுகிறாரா? அப்படியென்றால் நிழலுக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குளிரவைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.